தூக்க நோட்டு

திங்கட்கிழமை காலை, மகள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் செய்யக் கூடாத காரியத்தைச் செய்துவிட்டார். அவளுடைய தூக்க நோட்டைத் திறந்து படித்துவிட்டார்.

தூக்க நோட்டு பள்ளிக்கூடம் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போனைக் கட்டிக்கொண்டு தூக்கம் கெட்டு அலைகிறார்கள் என்று புதிதாக ஒரு மனநல ஆலோசகரை வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் போட்ட திட்டம் இது. பத்து நாள், தினம் ஒரு பக்கம். 'பெற்றோர் படிக்கக் கூடாது' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதல் பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் ஏதேதோ விதிமுறைகள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அப்போது தன்னுடையதை மாட்டியிருக்கவில்லை. பொடி எழுத்தை விட்டுவிட்டு, மகளின் குண்டுக் குண்டான கையெழுத்துக்குத் தாவினார்.

'தூங்கிய நேரம்: ஒன்றரை மணி. கையில் போன். வாத்துக்குஞ்சு வீடியோ பார்த்து அழுகை.'

அந்த வீடியோ அவருக்கும் வந்திருந்தது. தாயைத் தேடி அந்தக் குஞ்சு பாலத்தைக் கடக்கிறபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. பிஞ்சு மனசு எப்படித் தாங்கும்?

"நம்ம பொண்ணு ராத்திரி தூங்கறாளா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. எனக்குத்தான் கண்ணுல வெளிச்சம் அடிச்சுத் தூக்கமே வர்றதில்ல."

"பாத்தியா, அவ ரூம் வெளிச்சம் உன் கண்ணு வரைக்கும் வருது."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

மகளிடம் நேராகக் கேட்க முடியாது. கேட்டால் நோட்டைப் படித்த குட்டு உடைந்துவிடும். எனவே போனில் ஒரு குழுவில் சேர்ந்தார். 'தூங்காத பிள்ளைகளின் பெற்றோர்.' உறுப்பினர்கள் நானூறு பேர், அத்தனை பேரும் விடிய விடிய யோசனை சொல்கிறவர்கள். அவர்கள் சொன்னபடி அன்றே ராத்திரி ஒன்பது மணிக்கு வைஃபையைப் பிடுங்கினார்.

மறுநாள் நோட்டில் இருந்தது: 'வைஃபை இல்லை. மொட்டை மாடியில் சிக்னல் தேடி அரை மணி நேரம்.'

அவரும்தான் வைஃபை பிடுங்கிய வீரக்கதையைக் குழுவில் போட மாடிக்குப் போயிருந்தார். அங்கே ஒருவரையும் காணோம்.

"நான் இறங்கினதும் ஏறியிருக்கா" என்று முடிவு கட்டி, மாடிக் கதவுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டார். பூட்டு பூட்டியபடி இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் எழுந்து போய்ப் பார்த்தார். அப்படியே மகளின் அறையையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

'மணிக்கொரு தரம் எழுந்து நடை. தூக்கம் துண்டு துண்டாக.'

"நடக்கறாளா? நான் எட்டிப் பாக்கறப்பல்லாம் குறட்டை விடறாளே. என்னமா நடிக்கறா" என்று மலைத்துப் போனார்.

கடையில் வேலை ஓடவில்லை. கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர் அட்டையில் இருந்த எழுத்துகளையெல்லாம் வாசித்துவிட்டு, கீழே இருந்த அச்சகத்தின் முகவரியையும் வாசித்துவிட்டு, "தம்பி, இன்னும் ஏதாவது இருக்கா?" என்று தோளைத் தட்டித்தான் கண்ணாடிக்காரரை எழுப்பினார். அச்சகத்தின் முகவரி வரை தெரிகிறவருக்குக் கண்ணாடி எதற்கு என்று அவர் பாட்டுக்குக் கிளம்பிப் போனார்.

வியாழக்கிழமை மகளின் போனை வாங்கிக் கடையில் வைத்துப் பூட்டினார். பெரிய யுத்தம் நடக்கும் என்று பார்த்தால் அவள் மறுபேச்சுப் பேசாமல் நீட்டிவிட்டாள்.

"சார்ஜ் போட்டு வைங்கப்பா" என்றாள்.

மறுநாள் நோட்டில், 'கையில் போன். எழுதிய பதிவுக்கு மூன்றே லைக். சாப்பாட்டில் கோபம்.'

அப்படியானால் இரண்டாவது போன் இருக்கிறது. கண்ணாடிக்காரர் மாவு டப்பாவைக் கொட்டினார், தலையணை உறைகளைப் பிரித்தார், மகளின் ஷூவுக்குள் கையை விட்டார். ஒன்றும் சிக்கவில்லை. தாங்க முடியாமல் எல்லாவற்றையும் குழுவில் கொட்டித் தீர்த்தார். நானூறு பேரில் இருநூறு பேர் லைக் போட்டார்கள்.

மறுநாள்: 'இருநூறு லைக். ஒரே உற்சாகம். தூக்கம் ஒரு மணி நேரம். இல்லாத பொருளைத் தேடுவது தொடர்கிறது.'

"நேத்துக் கோபம், இன்னிக்கு உற்சாகம். முத்திப் போச்சு" என்று நோட்டை மூடி வைத்தார். மகளும் மனைவியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தலையைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். பாவம், அம்மாவிடமாவது மனசு விட்டுப் பேசுகிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. 'நோட்டைப் பார்த்தோம். உடனே பேச வேண்டும். அப்பாவும் மகளும் வரவும்.'

கண்ணாடிக்காரருக்கு இடி இறங்கியது போல் ஆயிற்று. அவள் சிரித்தால் தெருமுனைக் கடை வரை கேட்கும். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பெற்ற பெண் பக்கத்து அறையில் கருகிக்கொண்டிருக்க, நாம் என்ன அப்பன் என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழுவில்கூட எழுதத் தோன்றவில்லை.

ஆலோசகரின் அறைக்கு வெளியே நீள பெஞ்சு ஒன்று கிடந்தது. மகள் காலை ஆட்டிக்கொண்டு ஜன்னலில் புறாவை வேடிக்கை பார்த்தாள். பக்கத்தில் ஸ்டூலில் பள்ளிக்கூட ஆயா உட்கார்ந்திருந்தார், மடியில் அந்த நோட்டு.

கண்ணாடிக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதம்மா. என்னவா இருந்தாலும் அப்பா கூட இருக்கேன். நான் திட்டவே மாட்டேன்."

"எனக்கு ஒண்ணும் பயமில்லப்பா. மேடம் ரொம்ப நல்லவங்க, ஊசியெல்லாம் போட மாட்டாங்க. நீங்க தைரியமா இருங்க."

இந்த நிலைமையிலும் அப்பாவுக்குத் தைரியம் சொல்கிறாளே என்று அவள் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். உள்ளே மணி அடித்தது. அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மகளைத் தோளோடு அணைத்தபடி கதவை நோக்கி நடந்தார்.

ஆயா குறுக்கே கையை நீட்டி நோட்டை அவரிடம் கொடுத்தார்.

"வீட்டுல ஒருத்தரைக் கவனிச்சு எழுதறதுதானே சார் பிள்ளைங்க வேலை. எழுதின பாப்பா இங்கயே உக்காரட்டும், நோட்டுல தூங்காம இருக்கற நீங்க மட்டும் உள்ள போங்க."