பித்தப்பையில் ஒரு குடித்தனம்

வெள்ளை மூடி போட்ட அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைச் சுகாதார ஆய்வாளர் கையில் வைத்ததுமே மாஸ்டருக்கு வயிற்றைக் கலக்கியது. டப்பாவில் போட வேண்டிய பொருளை நினைத்தால் அது நல்லதுதான். ஆனால் கலங்கிய காரணம் வேறு.

அவர் தொழிற்சாலைக் கேன்டீனின் தலைமைச் சமையல்காரர். பதினெட்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவர். மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து நானூறு வயிறு அவரை நம்பி இருந்தது. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். வீட்டில் மட்டும் அந்தப் பட்டம் செல்லாது. அங்கே அவர் மனைவி டீச்சர் இருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறவள். ஒரு வீட்டில் மாஸ்டரும் டீச்சரும் இருந்தால், பாடம் கேட்க ஒரு ஆள் வேண்டுமல்லவா? இருபது வருஷமாக அந்தக் கூடுதல் வேலையையும் மாஸ்டரேதான் பார்த்து வந்தார்.

மூன்று வாரத்தில் ஆறு தொழிலாளிகள் டைஃபாய்டில் விழுந்துவிட்டார்கள். ஐந்து பேர் தேறிவிட்டார்கள். லேத் ஓட்டுகிற ஒருவர் மட்டும் குடலில் ரத்தம் கசிந்து இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கேன்டீனைப் பூட்டிவிட்டு, சமையலறை ஆட்கள் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார் ஆய்வாளர் அம்மா.

“தண்ணியைச் சோதிச்சாச்சு. சுத்தமா இருக்கு. அப்போ மிச்சம் இருக்கிறது உங்க கைங்கதான்” என்றார் அவர். “சில பேருக்கு டைஃபாய்டு வந்து போயிருக்கும். காய்ச்சல் போயிருக்கும், கிருமி போயிருக்காது. ஆள் கல்லு மாதிரி நடமாடுவார். கிருமியும் அவர்கூடவே நடமாடும். நாளைக் காலையில பதினொரு டப்பாவும் என் மேஜையில இருக்கணும். யாராவது ஆள் மாத்திக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, வேலையும் போகும், கேஸும் வரும்.”

மாஸ்டருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் டைஃபாய்டு வந்திருந்தது. நாற்பது நாள் படுக்கை. எழுந்து வந்த அன்றைக்கே டீச்சர் ஒரு சட்டம் போட்டாள். சோப்புப் போட்டு, இருபது எண்ணி முடிக்கும் வரை கை கழுவ வேண்டும். மாஸ்டரும் தவறாமல் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, பத்தொன்பது, இருபது.

இப்போது அந்த விட்டுப்போன பதினாறு எண்களும் ஒவ்வொன்றாக வந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்தன. தனக்குள் அந்தச் சனியன் இருந்தால்? கரண்டி போச்சு. பதினெட்டு வருஷப் பெயர் போச்சு. லேத்காரர் பெண்டாட்டியின் முகத்தில் எப்படி முழிப்பது?

“மேடம், இந்த டப்பா மூடி சரியா இறுகல. இன்னொண்ணு குடுங்க” என்று கேட்டு, ரெண்டாவது டப்பாவையும் வாங்கிக்கொண்டார். பாதித் திட்டம் முடிந்தது. மீதிப் பாதி, வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தது.

“ஏம்மா… ஒரு சின்ன விஷயம்.”

“எவ்வளவு சின்னது?”

“இந்த டப்பா அளவு.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு இது?”

“கேன்டீன்ல சோதனை பண்றாங்க. குடும்பத்துல இருக்கிறவங்களும் குடுக்கணுமாம். உத்தரவு.”

“யாரோட உத்தரவு?”

“அரசாங்க உத்தரவு.”

“எனக்குத்தான் எந்த நோயும் வந்ததில்லையே?”

“அதுக்குத்தான் கேக்கிறாங்க போல. நல்ல மாதிரி ஒண்ணு வேணுமாம், ஒப்பிட்டுப் பாக்க.”

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினாள். “சரி, வச்சிட்டுப் போங்க” என்றாள். இருபது வருஷத்தில் இவ்வளவு சுலபமாக எதற்கும் அவள் சரி சொன்னதில்லை. அங்கேயே மாஸ்டர் சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷம் அவரைச் சுதாரிக்க விடவில்லை.

மறுநாள் காலையில் குளியலறை ஜன்னல் மேடையில் ரெண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் மாஸ்டரின் பெயர்ச் சீட்டு. மற்றது வெறும் டப்பா, டீச்சருடையது. மாஸ்டர் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். அண்டாப் பாலில் ஆடை எடுக்கிற பக்குவத்தோடு சீட்டை நகத்தால் உரித்து, மற்ற டப்பாவில் ஒட்டினார். ஒட்டிய டப்பாவைத் துணிப்பைக்குள் வைத்தார். தன்னுடையதைக் காகிதத்தில் சுற்றி, தெருமுனைக் குப்பைத் தொட்டிக்கென்று பக்கத்தில் வைத்தார். பிறகு சட்டை மாட்டப் போனார்.

சட்டைப் பொத்தான் ஐந்து. அவசரத்தில் ஒவ்வொன்றும் ரெண்டு தடவை வழுக்கியது. திரும்பி வந்தபோது பையும் பொட்டலமும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஆய்வாளர் மேஜையில் டப்பாவை வைத்தபோது அவருக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது.

நாலு நாள் கழித்து, பூட்டிய கேன்டீன் வாசலில் ஆய்வாளர் எல்லாரையும் கூப்பிட்டார். பத்துப் பேரை உள்ளே அனுப்பினார். மாஸ்டரை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

“உங்க மாதிரியில கிருமி வளர்ந்திருக்கு.”

“என்னோடதுலயா?”

“உங்க பேர்தான் எழுதியிருக்கு. பயப்படாதீங்க, குணமாயிடும். இருபத்தெட்டு நாள் மாத்திரை. அதுக்கப்புறம் திரும்பத் திரும்பச் சோதிச்சு, சுத்தம்னு வந்தாதான் சமையலறைக்குள்ள காலை வைக்கணும். வேலையை யாரும் பறிக்கப் போறதில்லை, சம்பளமும் வரும். எழுதியே குடுத்திருக்கேன்.”

மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு மாஸ்டர் தெருவில் இறங்கினார். பத்தடி நடந்ததும்தான் விஷயம் உறைத்தது. அது தன் டப்பா இல்லை. டீச்சர் டப்பா! அப்படியென்றால் தான் சுத்தம். கிருமி இருப்பது டீச்சருக்கு!

முதலில் அவருக்கு வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சிரிப்பு. ரெண்டு வருஷமாகக் குழாயடியில் நின்று எண்ணச் சொன்னவள். வீட்டு வாசலிலேயே வைத்து நகத்தைப் பரிசோதித்தவள். அவளேதான் கிருமியின் வீட்டுக்காரி! உலகத்துக் கணவன் எவனுக்கும் கிடைக்காத வெற்றி அவருக்குக் கிடைத்திருந்தது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் டப்பா மாற்றிய கதை வெளியே வரும். வேலை போகும், கேஸ் வரும்.

இருபதடி நடந்ததும் சிரிப்பு செத்தது. மாத்திரை சாப்பிட வேண்டியவள் அவள். அது அவளுக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் கிருமி அவளோடேயே இருக்கும். அவள் கையிலிருந்து யாருக்கெல்லாம் போகுமோ? லேத்காரர் மூக்கில் குழாயோடு படுத்திருந்த கோலம் கண் முன்னால் வந்தது. மாஸ்டர் ஓட்டமும் நடையுமாக வீட்டைப் பார்த்துப் போனார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சாயங்காலம் ஐந்து. சாப்பாட்டு மேஜை முழுக்க ரொட்டித் துண்டுகள் பரப்பியிருந்தன. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னது இது?”

“நாளைக்குப் பிள்ளைங்களைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்ல? நாப்பது பேர். ஆளுக்கு ரெண்டு.”

எண்பது துண்டுகள். ஒவ்வொன்றையும் அவள் கை தொடுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை ஒன்று ரெண்டாகும், ரெண்டு நாலாகும் என்று அவளே ஒரு தடவை பாடம் எடுத்திருந்தாள். கணக்கில் மாஸ்டர் சுமார்தான். ஆனாலும் நாளைக் காலைக்குள் அது எங்கே போய் நிற்கும் என்று மனசு கூட்டிப் பார்த்துவிட்டது.

“விடு, நான் தடவறேன்” என்று பாய்ந்தார்.

“தொடாதீங்க!” என்று அதட்டினாள் டீச்சர். கத்தியைக் குறுக்கே நீட்டியே விட்டாள்.

“நீ தொடாதே!”

“நான் ஏன் தொடக் கூடாது?”

“நீ… களைச்சுப் போயிருக்கே. முகமே சரியில்ல. இந்தா, சத்து மாத்திரை. முதல்ல இதைப் போடு. இருபத்தெட்டு நாள் போடணும்.”

டீச்சர் அட்டையை வாங்கித் திருப்பினாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். பரீட்சையில் காப்பியடித்தவனைப் பார்க்கிற பார்வை.

“இது சத்து மாத்திரையா?”

“ஆமா.”

“கிருமியைக் கொல்ற மாத்திரைங்க இது. யாருக்குக் குடுத்தாங்க?”

“எனக்கு.”

“அப்போ எனக்கு எதுக்கு நீட்டறீங்க?”

டீச்சர் அடுத்த துண்டை எடுத்தாள். கத்தி வெண்ணெயில் இறங்கியது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“கத்தியைக் கீழ வை. சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும், ஜெயில்ல போட்டாலும் போடட்டும். நான் சீட்டை மாத்தி ஒட்டினேன். குடும்பத்துக்கெல்லாம் உத்தரவு எதுவும் இல்ல. உன்னோடதை என்னோடதுன்னு குடுத்தேன். அதுலதான் கிருமி வளர்ந்திருக்கு. எனக்கு இல்லம்மா… உனக்குத்தான்.” மாத்திரை அட்டையை அவள் பக்கம் தள்ளினார். “நாளைக்கு ஆய்வாளர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். நீ மாத்திரையைப் போடு. உனக்கு ஏதாவது ஆயிட்டா இந்த வீட்டுல நான் யாருகூட இருப்பேன்?”

டீச்சர் கத்தியை வைத்தாள். அழப்போகிறாள் என்று மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார்.

“அந்த ஆய்வாளர் என் பழைய மாணவி” என்றாள் டீச்சர். “நீங்க டப்பாவை நீட்டின அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டேன். வீட்டு ஆளுங்களுக்கு எந்தச் சோதனையும் இல்லைன்னு சொல்லிட்டா. நீங்க சட்டை மாட்டப் போனீங்க. நான் சீட்டை உரிச்சுப் பழையபடி ஒட்டி, டப்பாவை இடம் மாத்தி வச்சேன். தெருமுனைத் தொட்டிக்குப் போனது என்னோடது.”

மாஸ்டர் மாத்திரை அட்டையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ… எனக்கா?”

“உங்களுக்குத்தான். பித்தப்பையில குடியிருக்கும் அது. ரெண்டு வருஷமா வாடகை குடுக்காம இருக்கு. நீங்களும் காலி பண்ணச் சொல்லல.”

“தெரிஞ்சும் நீ ஏன் அன்னிக்கே கேக்கல?”

“கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா? டப்பாவைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்டப் போயிருப்பீங்க.”

போயிருப்பார்தான். ஆனால் மாஸ்டரின் மனசு அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.

“அந்த லேத்காரர்… என் கையாலயா?”

டீச்சர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். “இருக்கலாம். வேணும்னு செய்யல நீங்க. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டுதான் வந்தேன். கஞ்சி குடிக்கிறார். குழாயை எடுத்துட்டாங்க. ஆனா டப்பாவை நான் மாத்தாம விட்டிருந்தா, அடுத்த மாசம் இன்னும் ஆறு பேர் படுத்திருப்பாங்க.”

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு டம்ளர் தண்ணீரில் முதல் மாத்திரையை விழுங்கினார். குழாயடிக்குப் போனார். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு என்று ஒரு எண்ணையும் விடாமல் இருபது வரைக்கும் சத்தமாக எண்ணினார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தபோது மனசு லேசாகியிருந்தது. லேசான மனசில் மெல்ல ஒரு யோசனை முளைத்தது. இருபத்தெட்டு நாள், அதற்கு மேல் சோதனை நாட்கள். சம்பளத்தோடு லீவு. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு ஓய்வு கிடைத்ததில்லை.

“மேடம் எழுதியே குடுத்துட்டாங்க” என்றார், கால்களை நீட்டி முக்காலியில் போட்டுக்கொண்டு. “நான் சமைக்கக் கூடாது. காய் நறுக்கக் கூடாது. தட்டு, டம்ளர் எதையும் கழுவக் கூடாது. என்ன பண்றது? சட்டம்னா சட்டம்தான்.”

“ரொம்பச் சரி” என்றாள் டீச்சர். உள்ளே போய், ரெண்டு வாரத்து அழுக்கு மூட்டையைத் தூக்கி வந்து அவர் காலடியில் இறக்கினாள். “துணி துவைங்க. துணியை யாரும் சாப்பிடறதில்ல.”