ரிஜெக்ட் அண்ணனும் ஐந்தாம் நம்பர் கிளாசும்

எங்கள் பம்ப் கம்பெனியில் ரிஜெக்ட் அண்ணன் நடந்து வந்தால் இரும்புக்கே வியர்க்கும். மிகையில்லை, ஐப்பசி மழையில் நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். தரப் பரிசோதனை அவர் வேலை; கையில் எப்போதும் ஒரு சிவப்புச் சாக்பீஸ் இருக்கும். வார்ப்பில் மயிரிழை விரிசல் தென்பட்டால் போதும், ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

டிஸ்பாட்ச் பிரிவில் இருந்த எனக்கு அவரைக் கண்டாலே பதினான்கு வருடமாகப் பயம். கேன்டீனில் எதிரே அவர் உட்கார்ந்தால் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவேன். இட்லிக்கும் குறி போட்டுவிட்டால் என்ன செய்வது?

இப்பேர்ப்பட்டவரைக் கம்பெனி ஒரு இயந்திரம் வாங்க செக் நாட்டுக்கு நாற்பது நாள் அனுப்பி வைத்தது. இயந்திரம் கப்பலில் வந்தது. அண்ணன் பில்ஸ்னர் பைத்தியத்தோடு விமானத்தில் வந்தார். பில்ஸ்னர் என்பது அந்த ஊர் பீர். பொன் நிறம், மேலே கெட்டியான நுரை, ரொட்டி வாசம், கொஞ்சம் பூ வாசம், கடைசியில் வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு. நம் நாட்டு ஆலைகளில் யார் அதை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது தன் கடமை என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை மதியம் துடியலூரில் அவர் வீட்டு மாடியில் பரிசோதனை நடக்கும். என்னோடு சேர்த்துக் கம்பெனி ஆட்கள் மூன்று பேரும் அவரும். வேறு மாநிலங்களுக்கு வேலையாகப் போகிறவன் இரண்டு பாட்டில் கொண்டுவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். எழுதின சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் பயம். ஓசூர் எல்லை தாண்டும்போது பைக்குள் பாட்டில்கள் இடித்துக்கொண்டால் சத்தம் கேட்காமலிருக்க நான் பலமாக இருமுவேன். ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் இரக்கப்பட்டு இருமல் மிட்டாய் கொடுத்தார்.

மாடி ஏறுவதற்கு முன் படியிலேயே ஒரு சோதனை உண்டு. பச்சை வெங்காயம், வெற்றிலை, வாசனைத் தைலம் எதுவும் ஆகாது. அண்ணன் முதல் படியில் நிறுத்தி முகர்ந்து பார்ப்பார்.

"காலைல ஆனியன் ஊத்தப்பமா?"

"இல்லீங்கண்ணா."

"ரெண்டு. கெட்டிச் சட்னியோட. போய் வாயக் கழுவிப்போட்டு வா."

மேலே போனால் நுரையின் உயரத்தை வெர்னியர் காலிப்பர் வைத்து அளப்பார். நுரை எத்தனை நொடி நிற்கிறது என்பதற்கு ஸ்டாப்வாட்ச். மதிப்பெண் போட பம்புக்கான பரிசோதனைத் தாளையே கொடுப்பார். அதில் 'பிசிறு' என்றொரு கட்டம் இருக்கும். பீரில் பிசிறு எது என்று கேட்கும் தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை. மூவரும் 'இல்லை' என்று எழுதிவிடுவோம்.

பெரிய சங்கடம் வேறு. ஒருவர் வீட்டில் கொடுத்ததை நன்றாக இல்லை என்று சொல்ல எங்கள் ஊர்க்காரனுக்கு வாய் வராது. பீர் வாயில் வைக்க விளங்காவிட்டால், மடக்கென்று குடித்துவிட்டு, "அக்கா முறுக்கு பிரமாதமுங்க" என்று அவர் மனைவியைப் புகழ்ந்துவிடுவோம். தாளில் பத்துக்கு எட்டு போடுவோம். அண்ணன் எங்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் தாளில் சிவப்புக் குறி போடுவார். அவருடைய மூக்குக்கு எதுவும் தப்பாது என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, மறதியில் ஆனியன் ஊத்தப்பம் தின்றுவிட்டுப் போனேன். படியில் அண்ணன் முகர்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போ மேல," என்றார்.

அவர் திட்டியபோதெல்லாம் வராத பயம் அப்போது வந்தது. மாடியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கீழே சமையலறையில் பால் தீய்ந்த நாற்றம் வீட்டையே தூக்கியது. அண்ணன் தன் பாட்டுக்குக் கிளாசை முகர்ந்துகொண்டு, "பூ வாசம் கம்மி" என்றார். நான் அவரைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

மற்ற இருவரும் கிளம்பியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.  

"போன காய்ச்சலோட வாசமெல்லாம் போயிருச்சு தம்பி. நாக்குல கசப்பு மட்டுந்தான் தெரியுது. வெளிய சொல்லிப்போடாதே. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா கண்ணும் போச்சும்பாங்க. அப்பறம் என்ர சாக்பீஸப் புடுங்கிக்குவாங்க."

சும்மா இருந்திருந்தால் காலம் ஓடியிருக்கும். விதி பெங்களூரிலிருந்து வந்தது. எங்கள் பம்பு வாங்கும் பீர் ஆலை முதலாளி ஒருவருக்கு, அவருடைய பில்ஸ்னரைக் கிழித்து அண்ணன் காய்ச்சலுக்கு முன்பே எட்டுப் பக்கம் கடிதம் எழுதியிருந்தார். அந்த மனிதர் கோபப்படாமல், சின்ன ஆலைகளின் பில்ஸ்னர் போட்டிக்கு நடுவராக வரச்சொல்லி அழைத்துவிட்டார். அழைப்பு கம்பெனி விலாசத்துக்கே வந்ததால் எங்கள் முதலாளி அண்ணனைப் பாராட்டிக் கைகுலுக்கிவிட்டார். மறுக்க வழியில்லை.

திட்டம் இதுதான். எழுத்து சரியாகத் தெரியவில்லை, தாள் நிரப்ப ஆள் வேண்டும் என்று சொல்லி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். தனக்கு ஊற்றியதை எனக்கும் ஒரு வாய் தருவார். மேஜைக்கடியில் நான் அவர் காலை ஒருமுறை மிதித்தால் நல்லது, இரண்டு முறை மிதித்தால் ரிஜெக்ட். பதினான்கு வருடம் பயந்த ஒரு மனிதரின் காலை மிதிப்பதற்கு நான் இரண்டு நாள் வீட்டில் தலையணையை வைத்துப் பழகினேன்.

போட்டி அரங்க வாசலில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் ஓடி வந்தாள்.

"ஏனுங்கண்ணா, கோயமுத்தூருங்களா? நான் பெருந்துறைங்க. இதுதானுங்க என்ர மொத பில்ஸ்னர். எங்கப்பா இன்னும் நான் ஜூஸ் கம்பெனில இருக்கறதா நெனச்சுட்டிருக்கறாருங்க."

"ஜெயிச்சுப்போட்டுச் சொல்லிக்கலாம் கண்ணு," என்றார் அண்ணன். அவர் யாரையும் கண்ணு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எட்டு கிளாஸ், எண் மட்டும், ஆலையின் பெயர் கிடையாது. நான்கு கிளாஸ் வரை மிதி ஒழுங்காகப் போயிற்று. எங்கள் மேஜையின் மற்ற இரண்டு நடுவர்களும் அண்ணனின் முகபாவத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். 

ஐந்தாவது கிளாஸ் வந்தபோது, கயிற்றுக்கு அப்பால் நின்ற பெருந்துறைப் பெண் ஏப்ரன் நாடாவை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு வாய் குடித்தேன். மக்காச்சோளம் வேகவைத்த தண்ணீர் வாசம், இரண்டு முறை மிதிக்க வேண்டியது. இது அவளுடையதுதான் என்று புரிந்து அவளைப் பார்த்தேன். நாடா விரலை இறுக்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் காலை ஒரே ஒருமுறை மிதித்தேன். மிதித்துவிட்டு, வாய் சும்மா இருக்கிறதா, நாக்கைச் சுத்தம் செய்ய வைத்திருந்த வெறும் ரொட்டியைக் காட்டி, "இந்த ரொட்டி பிரமாதமுங்கண்ணா" என்றேன்.

அண்ணன் மெல்லத் திரும்பினார்.

"ரொட்டியா?"

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை மாதமாக அவர் முகர்ந்தது பீரை இல்லை, எங்கள் முகத்தை. அக்காவின் முறுக்கை நாங்கள் புகழ்ந்த இடத்திலெல்லாம் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். அவள் தாளிலா, என் நெற்றியிலா என்று நான் நடுங்கினேன். அவர் தன் நெஞ்சில் தொங்கிய நடுவர் அட்டையைத் திருப்பி, அதன் மேல் பெருக்கல் குறி போட்டார். எழுந்து நின்று, எட்டு மாதமாகத் தனக்கு வாசனை தெரியாது, இதுவரை மதிப்பிட்டது இந்த ஆள்தான் என்று தன் ஆங்கிலத்தில் சொல்லி என்னைக் காட்டினார். மேஜைக்கடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். என் கால் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

எங்கள் மேஜையின் மதிப்பெண்களை அழித்துவிட்டு வேறு நடுவரை உட்காரவைத்தார்கள். வாசலில் அந்தப் பெண் வழிமறித்தாள்.

"உள்ளதச் சொல்லுங்கண்ணா. எப்புடி இருந்துச்சுங்க?"

அண்ணன் என்னையே பார்த்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னேன்.

"நல்லா இல்லீங்க அம்மணி. மக்காச்சோளம் வேகவெச்ச தண்ணியாட்டம் வாசம் வருதுங்க."

அவள் கண் கலங்கியது. பிறகு சிரித்துவிட்டாள். "ரெண்டு மாசமா அத்தன பேரையும் கேட்டனுங்கண்ணா. கிளாஸ் அழகா இருக்குதுன்னே சொல்லிப்போட்டாங்க."

திரும்பும் பேருந்து சேலம் தாண்டியது. அண்ணன் சொன்னார்: "விரிசல் உட்ட வார்ப்ப நல்லதுன்னு அனுப்புனா, எவனோ ஒருத்தன் கெணத்துல பம்பு ஒடையும் தம்பி. அந்தப் புள்ளைக்கு அதப் பண்ணப் பாத்தோம். எனக்குப் பயமாப் போச்சு."

திங்கட்கிழமை அவரே முதலாளியிடம் போய் மூக்கு விஷயத்தைச் சொன்னார். "பம்ப மோந்தா பாக்கறீங்க? போய் வேலையப் பாருங்க," என்றாராம் முதலாளி. சாக்பீஸ் அவரிடமே இருக்கிறது.

இரண்டாம் சனிக்கிழமையும் தொடர்கிறது. போன மாதம் பெருந்துறைப் பெண் புதிதாகச் செய்ததைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அண்ணன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன வாசம் தம்பி?" என்று கேட்டார். "ரொட்டி வாசமுங்கண்ணா. அதுக்கு மேல கொஞ்சம் பூ வாசமுங்க," என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாசத்தோடு குடித்தார்.

அவரைக் கண்டு எனக்கு இப்போது பயமில்லை. ஆனால் நான் சொல்வதைத்தான் அவர் குடிக்கிறார் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அதனால் இரண்டாம் சனிக்கிழமை வந்தால், யாரும் படியில் நிறுத்தி முகராவிட்டாலும், நான் வெங்காயத்தைத் தொடுவதில்லை.