பஸ்ஸுக்கும் ரோட்டுக்கும் நடுவுல எங்க வீட்டு மாடு

உத்தனப்பள்ளி,
மாசி மாசம், வெள்ளிக்கிழமை.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அச்சாபீஸ் நடத்திச் சீரும் சிறப்புமாய் இருக்கும் என் மச்சான் ராஜப்பனுக்கு, உன் அக்காவைக் கட்டியும் இன்னும் உயிரோடு இருக்கும் ஆஞ்சப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா லட்சுமியம்மாளும் மலைமேல் இருக்கிற ஈஸ்வரன் கிருபையில் சுகம். அவ்விடம் உன் சுகத்தையும், உன் வீட்டார் சுகத்தையும், அச்சு மிஷினின் சுகத்தையும் எழுத வேண்டியது. எங்கள் மாடும் சுகம். ஆனால் அதன் பேர் கெட்டுப்போயிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு ஒரு நோட்டீசு அடிக்கணும். ஓசூர் தேர்த் திருவிழா வர்றதுக்குள்ள அடிக்கணும். என்னாத்துக்குன்னு கேப்ப, கேளு. போன மாசம் நம்ம பொண்ணு மங்கம்மா வீட்டுக்காரன் கரியப்பன் ஓட்டறானே நாராயணப்பன் முதலாளி கம்பெனி பஸ்ஸு, ராயக்கோட்டையில இருந்து ஓசூருக்குப் போறது, அது நம்ம ஊரு தாண்டி ஓடைக்குக் குறுக்க இருக்கற மோரிப் பாலத்துகிட்ட வந்துச்சு. அந்த மோரிய நீயே பாத்திருக்கற. மழைத்தண்ணி ஒரு பக்கத்தை அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு, மீதிப் பக்கம் எப்பப் போலாம்னு பாத்துக்கிட்டு நிக்குது. அதைக் கட்டறதுக்குன்னு கவர்மெண்டு கொட்டி வெச்ச ஜல்லியில புல்லு மொளச்சி, ஆடு மேஞ்சி, அந்த ஆடு குட்டியும் போட்டாச்சு. பஸ்ஸோட பிரேக்கு கதை அதுக்கு மேல. கரியப்பன் காலால மிதிப்பான், மனசுக்குள்ள மாரம்மாவைக் கூப்புடுவான், கிளீனரு கட்டையைத் தூக்கிக்கிட்டுக் கீழ குதிச்சி சக்கரத்துக்குக் குடுப்பான், இதுல எது முந்திக்குதோ அதுல வண்டி நிக்கும். அன்னிக்கு எல்லாமே பிந்திருச்சு. பஸ்ஸு மோரியை விட்டு எறங்கி நேரா நம்ம அவரைத் தோட்டத்துக்குள்ள வந்து, மூஞ்சியெல்லாம் கொடியைச் சுத்திக்கிட்டு, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி நின்னுச்சு. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. வண்டியில வந்த நாராயணம்மா கூடையில இருந்த கோழி மட்டும் பஸ்ஸு மேல ஏறிக்கிட்டு, இனி இந்த வண்டியில வரமாட்டேன்னு கத்துச்சு. எறங்கின சனமாச்சும் சும்மா போச்சான்னா இல்ல, ஆளுக்கு ஒரு மடி அவரைக்காயைப் பறிச்சிக்கிட்டுத்தான் போச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் டீக்கடையில நம்ம பையன் சென்னகிருஷ்ணனும் கரியப்பனும் ஒக்காந்தாங்க. ஒருத்தன் கவர்மெண்டு ரோடு ஆபீசுல குமாஸ்தா, ஒருத்தன் பிரைவேட்டு பஸ்ஸுல டிரைவரு. ரெண்டு பேருக்கும் வயித்தெரிச்சலு. கரியப்பன் சொல்றான், "எத்தினி தடவை சொல்லியும் முதலாளி பிரேக்கு மாத்தல." சென்னகிருஷ்ணன் சொல்றான், "நம்ம டிபார்ட்டுமெண்டு அந்த மோரியை நெனச்சிக்கூடப் பாக்கல." ரெண்டும் நெசம். ஆனா டீக்கடையில சொன்ன பேச்சு டீ ஆறறதுக்குள்ள ஓசூர் போயி சேந்துருச்சு. கரியப்பன் மறுநாள் காலையில வண்டி எடுக்கப் போனான். முதலாளி தமிழ்லதான் பேசுவாரு, கோவம் வந்தா மட்டும் கன்னடம். "கீ கொட்டு ஹோகு" அப்படின்னாரு. சாவியைக் குடுத்துட்டுப் போடான்னுட்டாரு, அவ்வளவுதான் விசாரணை. சென்னகிருஷ்ணனுக்கு யாரும் போடான்னு சொல்லல. அவனுக்கு ஒரு மெமோ வந்துச்சு. தமிழ்ல பேசினதுக்கு இங்கிலீசுல மெமோ. சர்க்கார் உத்தியோகத்துல இருந்துக்கிட்டு சர்க்காரைக் குறை பேசினியே, உன்மேல ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாதுன்னு மரியாதையாக் கேட்டிருக்காங்க. இவன் அதை மடிக்கறான், பிரிக்கறான், திரும்பத் திரும்பப் படிக்கறான். கரியப்பன் அதைப் பாத்துப் பாத்து அழுவறான். "மச்சான், எனக்கும் இப்பிடி ஒரு காயிதம் குடுத்திருந்தா நானும் எதாச்சும் பதில் எழுதியிருப்பனே" அப்படிங்கறான். மங்கம்மா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துட்டா. அடுப்புல ஒலை வெக்க அவங்க வீட்டுல ஒண்ணும் இல்ல.

நான் பையனைக் கேட்டேன். "ஏன்டா, நம்ம நாட்டுக்குச் சட்டம் எழுதி, யாரு வேணும்னாலும் பேசலாம்னு போட்டிருக்குதுன்னு நீதானேடா பேப்பரு படிச்சிக் காட்டின?"

"அது சனங்களுக்குப்பா."

"நீ சனம் இல்லியா?"

"நான் கவர்மெண்டு ஆளு."

"அப்ப எப்பத்தான்டா சனம் ஆவ?"

"ரிட்டையர் ஆன பொறவு."

கரியப்பனைக் கேட்டா அவன் வேற சொல்றான். "அந்தச் சட்டம் கவர்மெண்டைத்தான் கட்டுமாம் மாமா. கவர்மெண்டு என் வாயைப் பொத்தக்கூடாது. முதலாளி பொத்தலாம். வக்கீல் குமாஸ்தா சொன்னான்."

பாத்துக்கடா மச்சான், எப்பிடி இருக்குதுன்னு. நம்ம பையன் முதலாளியைத் திட்டலாம், கவர்மெண்டைத் திட்டக்கூடாது. மருமவன் கவர்மெண்டை நாளெல்லாம் திட்டலாம், முதலாளியைத் திட்டக்கூடாது. நான் மூணாங்கிளாசுதான் படிச்சேன், உன்னை மாதிரி எழுத்துக் கோக்கத் தெரியாது, ஆனா எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறோமில்ல, அது மாதிரி வாய் குடுத்து வாய் எடுத்தா என்ன? பஸ்ஸு தோட்டத்துல எறங்கினதுக்கு விசாரணை பண்ண ஒரு ஆபீசரு வர்றாரு. அவருகிட்ட மோரியப் பத்திக் கரியப்பன் பேசட்டும், பிரேக்கைப் பத்திச் சென்னகிருஷ்ணன் பேசட்டும். ரெண்டு நெசமும் வெளிய வந்துரும், பையன் வேலைக்கும் பங்கம் இல்ல, முதலாளி மனசு எறங்கினா கரியப்பன் வேலையும் திரும்பும். தேருக்குள்ள பிரேக்கும் மாறிரும், மோரியும் கட்டிருவாங்க. தேரன்னிக்கு அந்த பஸ்ஸுல உள்ள எடமில்லாம மேலயும் ஏறிக்கிட்டுப் போவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நம்ம மங்கம்மாவும் புள்ளைங்களும் அதுலதான் போவாங்க. எனக்கு வேற எதுவும் வேணாம், அது ஒண்ணுதான் வேணும். சொன்னதும் ரெண்டு பேருக்கும் மூஞ்சி மலர்ந்துருச்சு. "அப்பா, உனக்கு எப்பிடிப்பா இதெல்லாம் தோணுது"ன்னு மெச்சினான் பையன். உன் அக்கா மட்டும், "இது எங்கியோ போயி முட்டும்"னா. அவ வாயி.

விசாரணைக்குப் புளியமரத்தடியில மேசை போட்டாங்க. ஒரு பக்கம் நாராயணப்பன் முதலாளி, ஒரு பக்கம் ரோடு ஆபீசுப் பெரியவரு, நடுவுல ஆபீசரு. கரியப்பன் எந்திரிச்சான். "ஐயா, அந்த மோரிக்கு ஒரு பக்கம் இல்லவே இல்லீங்க. கவர்மெண்டு அதைத் திரும்பிக்கூடப் பாக்கல"ன்னான். பலே, சொல்லிக்குடுத்தபடியே பேசறான்னு நான் தொடையைத் தட்டிக்கிட்டேன். அதோட நிறுத்தியிருந்தா அவன் என் மருமவன். சொந்த முதலாளி எதுத்தாப்புல ஒக்காந்து தலையாட்டிக் கேக்கவும் அவனுக்கு ருசி ஏறிருச்சு. "ரோடு ஆபீசுல இருக்கறவனுங்க எல்லாம் நாற்காலி தேய்க்கத்தானுங்க சம்பளம் வாங்கறாங்க" அப்படின்னான். நம்ம பையன் காது செவந்துருச்சு. படக்குன்னு எந்திரிச்சி, "யாருடா நாற்காலி தேய்க்கறது? அங்க ஜல்லி கொட்டி வெச்சிருக்கறது உன் கண்ணுக்குத் தெரியலியா? ரோடு நல்லாத்தான் இருக்குதுங்கய்யா, வண்டிதான் தகர டப்பா" அப்படின்னான். அடுத்தது கரியப்பனுக்கு வந்துச்சு பாரு ரோசம். "எவன்டா தகர டப்பாங்கறது? ராயக்கோட்டை மேட்டுல மூச்சு வாங்காம ஏறுற வண்டிடா அது! பிரேக்கு தொட்டா நிக்கும்டா!"

சாவியைப் புடுங்கிக்கிட்டு வெரட்டின கம்பெனிக்கு இவன் மல்லுக்கட்டறான், மெமோ குடுத்த ஆபீசுக்கு அவன் மல்லுக்கட்டறான். டீக்கடையில தன் வாயால கிழிச்சவனுங்க, அடுத்தவன் வாயால கேக்கவும் பொறுக்கல. சட்டையைப் புடிக்கப் போயிட்டாங்க. ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. ஆபீசரு பேனாவைக் கீழ வெச்சிட்டுக் கேட்டாரு, "ரோடும் நல்லா இருக்கு, பிரேக்கும் நல்லா இருக்கு. அப்புறம் பஸ்ஸு ஏன் அவரைத் தோட்டத்துக்குப் போச்சு?"

நான்தான் சொன்னேன், "கொழம்புக்குக் காய் வாங்கப் போயிருக்கும் சாமி." சனம் சிரிச்சிச்சு, ஆபீசரு சிரிக்கல. ரெண்டு பயலும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்தாங்க. அதுவரைக்கும் ஒத்துவராதவனுங்க ஒரே வாயா, "மாடு குறுக்க வந்துருச்சுங்க"ன்னாங்க.

"யாரு மாடு?"

ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க.

மச்சான், எங்க மாடு அன்னிக்குக் கொட்டாயில படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. உன் அக்கா பக்கத்துலயே சாணி அள்ளிக்கிட்டு இருந்தா. ஆனா அந்த மாட்டுக்குப் பேச வாய் இல்ல, அதுக்குப் பரிஞ்சிக்கிட்டு வர ஒரு ஆபீசும் இல்ல, கம்பெனியும் இல்ல. ஆபீசரு மாடுன்னு எழுதிக்கிட்டாரு. என்னைப் பாத்து, "மாட்டைக் கட்டி வையுங்க பெரியவரே, சனங்க உசுரு"ன்னு புத்தி வேற சொன்னாரு. முதலாளி அங்கியே சாவியை எடுத்துக் கரியப்பன் கையில குடுத்து, "இவனைப் போல விசுவாசி உண்டா"ன்னு கண்ணு தொடைச்சாரு. ரோடு ஆபீசுப் பெரியவரு நம்ம பையன் முதுகைத் தட்டி, மெமோவை மறந்துருன்னாரு. மங்கம்மா சிரிச்சிக்கிட்டே அவ வீட்டுக்குப் போயிட்டா. எல்லாருக்கும் நல்லதாப் போச்சு. பிரேக்கு அப்படியே இருக்குது, மோரி அப்படியே இருக்குது, ஆட்டுக்குட்டி மட்டும் பெருசாயிருச்சு.

நான் விடறதா இல்ல. ஊருல ஒவ்வொருத்தனாப் போயிக் கேட்டுப் பாத்தேன். வாத்தியாரு கவர்மெண்டு, தலையைச் சொறிஞ்சாரு. மணியக்காரரும் கவர்மெண்டு, மழை எப்ப வரும்னு என்னையே கேட்டாரு. எண்ணெய் மில்லுல இருக்கற கோவிந்தப்பன், "எங்க முதலாளியும் பஸ் முதலாளியும் பங்காளிங்க பெரியப்பா"ன்னு பின்பக்கமாப் போயிட்டான். கடைசியில பாத்தா இந்த ஊருல முதலாளி இல்லாத வாய் என் வாய் ஒண்ணுதான். நான் யாருக்கும் வேலைக்காரன் இல்ல. எனக்கு மெமோ குடுக்க ஆளில்ல, சாவியைப் புடுங்க என்கிட்ட சாவியும் இல்ல. அதனால நான்தான் சொல்லப்போறேன். இப்பிடி அடி:

"ஓசூர் தேருக்குப் போகும் சனங்களுக்கு. உத்தனப்பள்ளி மோரி ஒரு பக்கம் இல்லை. அதைத் தாண்டும் பஸ்ஸுக்குப் பிரேக்கு இல்லை. இரண்டும் சரியாகும் வரைக்கும் மோரிக்கு இந்தப் பக்கம் இறங்கி, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளவும். மாடு குறுக்கே வரவில்லை. இப்படிக்கு, யாருக்கும் வேலைக்காரன் இல்லாத ஆஞ்சப்பன்."

மஞ்சக் காயிதத்துல பெரிய எழுத்தா அடி. மங்கம்மா கல்யாணப் பத்திரிகையில மாரியாத்தா படம் போடச் சொன்னதுக்கு சோப்புக் கம்பெனி பொம்பளை படத்தைப் போட்டியே, அது மாதிரி இதுல எந்தப் படமும் வேணாம். நாராயணப்பன் முதலாளிக்கு டிக்கெட்டு அடிச்சிக் குடுக்கறது நீதான்னு எனக்குத் தெரியும். ரோடு ஆபீசு ஃபாரமும் உன் மிஷின்லதான் ஓடுதுன்னும் தெரியும். இதைப் படிக்கும்போதே உனக்குக் கை வேர்த்திருக்கும். தொடைச்சிக்க. அந்த பஸ்ஸுல போறது உன் அக்கா மக. நீ அடிக்கலைன்னா நான் அங்க வந்து உன் அச்சாபீசு வாசல்ல ஒக்காந்து, நீ சின்ன வயசுல உன் அக்கா கல்யாணத்தன்னிக்கு பந்தியில பண்ணின காரியத்தை வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்லுவேன்.

மற்றபடி உன் வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் மிஷின் நிற்காமல் ஓடவும், எங்கள் ஊர் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் ஈஸ்வரன் அருள வேண்டியது.

இப்படிக்கு,
ஆஞ்சப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சங்கதி ஆயிப்போச்சு. நான் நோட்டீசு அடிக்கப்போற சேதி வெளிய போயிருச்சு, டீக்கடையிலதான் சொன்னேன். காலையில கரியப்பன் வந்தான். "மாமா, முதலாளி உங்களை உத்தனப்பள்ளி ஸ்டாப்புக்கு ஏஜெண்டாப் போட்டிருக்காரு, இனி எங்க போனாலும் பஸ்ஸு சும்மா"ன்னு சொல்லி ஒரு தொப்பி குடுத்தான். வாங்கிக்கிட்டேன். மத்தியானம் நம்ம பையன் வந்தான். "அப்பா, மோரி ஜல்லிக்குக் காவலுக்கு உன் பேரைப் போட்டாச்சு, கவர்மெண்டு வேலை"ன்னான். அதுக்கும் கையெழுத்துப் போட்டேன். ஒருத்தன் குடுத்தது ஒருத்தனுக்குத் தெரியாது. அதனால நோட்டீசுல 'யாருக்கும் வேலைக்காரன் இல்லாத' அப்படிங்கற வரியை எடுத்துரு. மோரியப் பத்தி எழுதினது பஸ் கம்பெனி ஏஜெண்டு ஆஞ்சப்பன்னு போடு, பிரேக்கைப் பத்தி எழுதினது கவர்மெண்டு காவல்காரன் ஆஞ்சப்பன்னு போடு. அந்த ரெண்டு பயலும் சேந்து செய்யாததை நான் ஒருத்தனே செஞ்சிருவேன், எவன் என்ன கேக்க முடியும்? ஆனா சீக்கிரமா அடி மச்சான், கடிதம் கண்ட அன்னிக்கே அடி. சாயங்காலம் ஸ்டாப்புல ஒருத்தன் நம்ம பஸ்ஸை ஓட்டை வண்டின்னான், எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. தொப்பியைக் கழட்டி வெச்சிட்டு அவனை அடிக்கப் போயிட்டேன், உன் அக்காதான் புடிச்சி இழுத்தா. ரெண்டு நாள் கழிச்சி நானே அங்க வந்து, பிரேக்கு நல்லாத்தான் இருக்குது, மாடுதான் குறுக்க வந்துச்சுன்னு சொன்னாலும் சொல்லுவேன். நீ கேக்காத. என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டு, மிஷினை ஓட்டு.