கைர் முபாரக் சொல்லப் போன பதில் ஐயா

மஸ்கெலியாவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரை, மரியாதைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர்தான். யார் வணக்கம் சொன்னாலும் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிப் பதில் வணக்கம் சொல்வார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும் இருநூறு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடிப்பதற்குள் தொரையே வந்துவிடுவார். 'பதில் ஐயா' என்ற பெயர் அப்படி வந்ததுதான். நான் அவருக்குக் கீழே சின்னக் கிளாக்கர்.

ஒரு நோன்புப் பெருநாளன்று மஸ்கெலியாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா அவரைப் பார்த்து, "ஈத் முபாரக்" என்றார். ஐயாவுக்குப் பதில் தெரியவில்லை. பதறிப்போய், ஆபீஸ் பழக்கத்தில், "கவனிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டார். நானா சிரித்துவிட்டு மறந்துவிட்டார். ஐயா மறக்கவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

'கைர் முபாரக்' என்று சொல்ல வேண்டும் என விசாரித்துத் தெரிந்துகொண்டார். அப்புறம் ஒரு வருடம் பயிற்சி. ஒரு நாள் தொரையின் 'குட் மார்னிங்'குக்கும் அதுவே வந்துவிட்டது. தொரை ஏதோ தமிழ் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த பெருநாளுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு, என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். நானா வீட்டில் தனியாக இருந்தார். இந்தியாவுக்குப் போன மனைவி மக்கள் திரும்பி வர விசா கிடைக்கவில்லையாம். வயிறு நிறையச் சாப்பாடு போட்டார். ஆனால் முகத்தில் களையில்லை. வாழ்த்து மட்டும் அவர் வாயில் வரவேயில்லை.

"நீங்களே மொதல்ல சொல்லிருங்கய்யா" என்று காதில் சொன்னேன்.

"அது பதிலுப்பா. அவரு சொல்லாம நான் எப்படிச் சொல்றது?"

மூன்று மணி நேரம், நாலு கோப்பைத் தேத்தண்ணி. ஒன்றும் நடக்கவில்லை. கடைசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். பஸ் நகர்ந்தபோதுதான் வழியனுப்ப வந்த நானா கையை உயர்த்தினார்.

"ஈத் முபாரக் ஐயா. இன்னைக்கி எங்க வீட்டுப் படியேறுனது நீங்க ரெண்டு பேருதான்."

ஐயா பஸ்ஸை நிறுத்தி, இறங்கி ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கைர் முபாரக் நானா. புள்ளைங்க வந்துருவாங்க" என்றார். நானா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

பஸ் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மழையில் நாலு மைல் நடந்தோம். இருந்தது ஒரே குடை. தன் கோட்டு நனைய நனைய, ஐயா அதை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.