நான்கு நிமிடப் பாதை

பிளாட்பாரத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சொந்த மகளை வேவு பார்ப்பது கௌரவமான வேலை இல்லைதான். ஆனால் என்ஜினியருக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரே மாதத்தில் மகள் பதினொரு முறை லேட். இன்னும் ஒரு முறை லேட்டானால் வினாடி வினாக் குழுவிலிருந்து நீக்கம். எட்டரைக்கு நேரில் வரவும் என்று தலைமையாசிரியை சீட்டு அனுப்பியிருந்தார்.

"ஸ்டேஷன்லேர்ந்து ஸ்கூலுக்கு நாலே நிமிஷம். பாதைய வரைஞ்சவனே நான்! எங்க நின்னு வேடிக்கை பார்க்குற?" என்று முந்தின நாள் கத்தித் தீர்த்திருந்தார். மகள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரயில் நின்றதும் அவள் இறங்கி ஓடிக் கூட்டத்தில் மறைந்துவிட்டாள். முன்னால் போய்ப் பிடித்துவிடலாம் என்று என்ஜினியர் லிஃப்டில் ஏறினார். அது அவரைக் கார் நிறுத்துமிடத்தில் இறக்கிவிட்டது.

"ஸ்கூலுக்கு எப்படிப்பா போறது?"

"அதோ, இந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் சார்," என்றார் காவலாளி. "ஆனா மறுபடி மேல ஏறி, பாலம் தாண்டி, எதிர்ப்பக்கம் இறங்கி, சிக்னல்ல ரோட்டைக் கடந்து திரும்பி வரணும். எவன் வரைஞ்சானோ! அவன் புள்ளைங்க ரயில்ல வராது போல."

"யாரோ கத்துக்குட்டியா இருக்கும்," என்று ஒத்து ஊதினார் என்ஜினியர். கார்களில் கீறல் விழக்கூடாதென்று வேலி போட்டவரும் அவரேதான்.

அறுபத்துநான்கு படி ஏறினார். இறங்கினார். சிக்னல் பொத்தானை அழுத்திவிட்டு ஐந்து நிமிடம் நின்றார். பச்சை எட்டே விநாடி எரிந்தது. சாலையின் நடுவில் மாட்டிக்கொண்டு, நான்கு பக்கமும் திட்டு வாங்கி, வந்த வழியே கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பி ஓடினார்.

மணி எட்டு இருபத்தேழு. வேலியின் கோடியில் ஓர் ஓட்டை. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து நுழைந்து நேரே பள்ளி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என்ஜினியர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தலையை நுழைத்தார். தோள் போயிற்று. தொப்பை போகவில்லை.

"அங்கிள், மூச்ச வெளிய விடுங்க!"

"தள்ளாதீங்கடா!"

சட்டை கிழிந்தது. பின்னால் வரிசை நீண்டது. பள்ளி மணியும் அடித்தது. தான் போட்ட வேலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவிலும் மகள்மேல் கோபம் பொங்கியது. இவ்வளவு கிட்டே ஒரு வழி இருந்துமா தினமும் லேட்?

அவருடைய டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த சின்னப் பெண்ணிடம் கேட்டார்: "பாப்பா, ஒன்பதாங் கிளாஸ்ல ஒரு அக்கா தினம் லேட்டா வருவாங்களே, இன்னிக்கு வந்துட்டாங்களா?"

"லேட் அக்காவா? நாங்க எவ்வளவு கூப்பிட்டாலும் அவங்க இந்த ஓட்டைல வரமாட்டாங்க அங்கிள். அந்தப் பாதைய அவங்க அப்பா வரைஞ்சாராம். நான் ஒருத்தியாவது அதுல நடக்கலேன்னா அவர் மனசு கஷ்டப்படும்னு சொல்லுவாங்க."