அறுபது நீலங்களின் உபகமிட்டி

உலகத்தில் எத்தனையோ நாடுகள் சுதந்திரம் அடைந்திருக்கலாம். ஆனால் எந்த நீலத்தில் அடைவது என்று யோசித்து அடைந்த இடம் மலாக்காவின் காஜா பேராங் ஒன்றுதான். அந்தப் பெருமை எங்கள் சங்கத்தின் 'நிறத் தேர்வு உபகமிட்டி'யையே சேரும். அதன் காரியதரிசி அடியேன்.

விஷயம் சின்னதுதான். சங்கம் நடத்திய பள்ளியில் பெண்பிள்ளைகளின் வகுப்புச் சுவர் பூசணம் பிடித்துக் கிடந்தது. ஆகஸ்ட் முப்பதாம் தேதிக்குள் சாயம் அடிக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாக, பார்வையிட வந்த அதிகாரி எழுதிவைத்துவிட்டுப் போனார். முப்பத்திரண்டு பிள்ளைகள். மூடினால் பெற்றோர் வேறு பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள், வீட்டோடு நிறுத்திவிடுவார்கள் என்று சிவகாமசுந்தரி டீச்சர் அழாத குறையாகச் சொன்னார். சாயக்கடை ரஹீம் பாய் நீலத்தில் இரண்டு டின்னும் வெள்ளையில் இரண்டு டின்னும் இலவசமாகவே அனுப்பிவிட்டார். சாயம் அடிக்கும் மருதமுத்து ஏணியோடு வந்து நின்றான்.

சாதாரண ஊராக இருந்தால் அன்றைக்கே அடித்து முடித்திருப்பார்கள். நாங்கள் கூட்டம் போட்டோம்.

"மெர்டேக்கா வருது, நாடு சுதந்திரம் அடையுது. கண்ட நீலத்தை அடிச்சுட்டு நாளைக்கு வரலாற்றுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் தலைவர் சேதுபதி.

எனவே நீலத்தில் வெள்ளையைக் கரண்டி கரண்டியாகக் கூட்டி அறுபது சாயல்கள் உண்டாக்குவது, அவற்றுக்கு எண் போட்டு அட்டையாக அச்சடிப்பது, நாற்பது உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி வழங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அச்சகத்து நல்லையா கட்டமும் எண்ணும் அழகாக அடித்துக் கொடுத்தார். நிறத்தையும் அச்சிலேயே போட்டுவிடலாம் என்றார். அச்சு மை வேறு, சுவர்ச் சாயம் வேறு, அது மோசடி என்று நான்தான் ஆட்சேபித்தேன். என் ஆயுளில் கைதட்டல் வாங்கியது அந்த ஒரு தடவைதான். ஆகவே கட்டங்களை மருதமுத்து அசல் சாயத்தாலேயே நிரப்பினான். வயதான உறுப்பினர்களின் கண்ணை உத்தேசித்துக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு சாண். ஒரு சாயலில் மிஞ்சியது இன்னொன்றோடு சேர்ந்து முறைகேடு நடந்துவிடக் கூடாதே என்று சாக்கடையில் ஊற்றினோம். சாக்கடை அந்த வாரம் வெகு லட்சணமாக இருந்தது.

"ஐயா, டின்னுல அடி தெரியுது. சுவத்துக்கு வேணாமா?" என்றான் மருதமுத்து.

உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் பேசக் கூடாது என்ற விதியை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது. ஐந்து மணி நேர விவாதத்துக்குப் பின் முப்பத்தேழாம் எண் நீலம் வென்றது. ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டு போய் டின்களைத் திறந்தோம். நான்கும் காலி. ரஹீம் பாய் கடையிலும் நீலம் தீர்ந்துவிட்டது. ஊரே பண்டிகைக்கு வீடு பூசிக்கொண்டிருந்தது.

டீச்சர் எங்கள் முன்னால் வந்து நின்றார். "சுண்ணாம்பாவது அடிச்சிருங்க ஐயா. ரெண்டு வாளி போதும். நானே கரைச்சுத் தர்றேன்."

தலைவர் அட்டையை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். "இதுல சுண்ணாம்பு இல்லையே, டீச்சர்" என்றார்.

நியாயம்தானே? நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் அதிகாரி வந்தார், சுவரைப் பார்த்தார், பூட்டுப் போட்டார். அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அச்சு நேர்த்தியாக இருக்கிறது என்று பாராட்டினார்.

மெர்டேக்காவுக்கு எல்லாப் பள்ளிகளும் விடுமுறை விட்டன, பிறகு திறந்தன. எங்கள் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் அந்த விடுமுறை இன்னும் முடியவில்லை. கொடுத்தது அதிகாரி இல்லை; நாங்கள்தான், ஏகமனதாக.