ரைஸ் குக்கருக்குப் பெரட்டு

சிலாங்கூர் மாநிலத்தில் மேகத்தைப் பார்த்துத் திட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் ரைஸ் குக்கரை நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, வேலைக்கு வந்ததா இல்லையா என்று நோட்டில் குறித்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மேக மண்டோர்.

கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், எங்கள் பழைய லயத்தில் மிஞ்சியிருப்பது இருபத்திரண்டு வீடுகள். தோட்டத்து ஜெனரேட்டர் ஒருநாள் இருமி இருமி உயிரை விட்டது. சரியாக அந்த நேரத்தில் தேர்தல் வந்தது. தேர்தலோடு ஒய்பி, அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர், வந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் சோலார் தகடுகளை நிறுத்தி, ஒரு பாட்டரிப் பெட்டியையும் வைத்து, "இனிமேல் உங்களுக்குச் சூரியன் இலவசம்!" என்றார். அதுவரை சூரியனை நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது போலக் கைதட்டினோம். வீட்டுக்கொரு ரைஸ் குக்கரும் கொடுத்தார். அதன் வயிற்றில் அவர் படம் பல்லைக் காட்டிச் சிரித்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு இருபத்திரண்டு குக்கரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டன. டப்பென்று எல்லாம் அணைந்தது. ஒய்பி எல்லா வீட்டிலும் சிரித்துக்கொண்டிருந்தார், சோறுதான் எங்கேயும் வேகவில்லை.

ஏழாம் நம்பரான எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின்தான் மூச்சு. கரண்ட் போனதும் அது கீச்சென்று கத்தியது. கைவசம் இருந்த சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கும். பகலில் மிஞ்சும் வெயில் பாட்டரிக்குப் போனால்தான் இரவில் மெஷின் ஓடும். பாட்டரியைப் பகலிலேயே காலி செய்தால் இரவில் அம்மாவுக்கு மூச்சு இல்லை.

ரப்பர் பால்மரக் காலத்திலிருந்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மண்டோர் ஓடி வந்து சுவிட்சைச் சரிசெய்தார். "தம்பி, இது கரண்டு பிரச்சன இல்ல. ஆள் பிரிக்கிற பிரச்சன. அத்தன பேரையும் ஒரே மர நெரைக்கு அனுப்புனா வேல நடக்குமா?" என்றார்.

அடுத்த நாள் காலையிலிருந்து பழைய பெரட்டுக் களத்தில் பெரட்டு. முன்பு வேலையாட்களைப் பேர் கூப்பிட்ட அதே இடம், அதே குரல்.

"ஒண்ணாம் நம்பர் குக்கர்!"

"இருக்கு!"

"பத்து மணி. ரெண்டாம் நம்பர்?"

"இருக்குங்க மண்டோரய்யா. வாஷிங் மெஷினும் கூட வருது. மாமியாரு துணி நெறைய."

"குக்கர் பத்தர. மெஷினுக்கு இன்னிக்கு வேல இல்ல. மாமியார அதே துணியோட இருக்கச் சொல்லு லா."

நேரம் தவறிய குக்கருக்கு அரைப் பேர்தான் போடுவார். அதாவது பாதிச் சோறு. நோட்டில் சிவப்பு மையால் குறித்துவிட்டால் எந்தச் சிபாரிசும் எடுபடாது.

பெரட்டு முடிந்தால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிடுவார். கோயில் மைக்கின் வயர் அதுவரை போகும். "சுங்கை பெசார் பக்கமா கருப்பா ஒருத்தன் வர்றான்! எல்லாத்தையும் மூடுங்க!" என்று முழங்குவார். ஐந்தாம் நம்பரில் பெண் பார்க்க ராசா என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்றும் முழங்கினார். "அஞ்சாம் நம்பர்! காத்தாடி இன்னும் சுத்துது!" சம்பந்திகள் முகம் சிவந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டிக் காற்றாடியை நிறுத்தினான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்ட மண்டோர் மைக்கிலேயே தீர்ப்புச் சொன்னார்: "பையன் நல்லவன். கட்டிக்குடுங்க." கட்டிக் கொடுத்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அடுத்த தேர்தல் வந்துவிட்டது. ஒய்பி ஒரு மத்தியானம் மறுபடி வந்தார். பெரட்டைப் பற்றிப் புகார்கள் அவர் காதுக்கு எட்டியிருந்தன. "என் மக்களின் சோற்றுக்கு நேரம் குறிக்க இவர் யார்?" என்று உருகினார். அதுவரை மண்டோர் கவனித்த சோலாருக்கு ஒரு கமிட்டி வைத்து, அங்கேயே தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒய்பியின் ஆள், எங்கள் லயத்துச் சேகர், எழுந்து நின்றான்.

"பெரட்டு கெடையாது! எந்நேரமும் கரண்டு! ஏர்கான் வேணும்னாலும் போட்டுக்கோங்க!"

விசில் பறந்தது. மண்டோரைப் பார்த்து, "நீங்க என்ன தருவீங்க?" என்றார் ஒய்பி.

"நா என்னாத்த தர்றது? மேகம் வந்தா கரண்டு கொறையும். அவ்வளவுதான்."

இதைவிட மோசமான தேர்தல் பிரசாரத்தை நான் கேட்டதில்லை.

சேகருக்காகக் கைகள் உயர்ந்தன. திரும்பிப் பார்த்தால், வாசலில் மூக்குக் குழாயோடு உட்கார்ந்திருந்த என் அம்மாவின் கையும் மேலே.

"அம்மா!"

"நல்லாப் பேசுனான்யா பையன்."

மண்டோரின் கைகூட மேலேதான் இருந்தது. கண்ணுக்கு நிழல் பிடித்து மேகம் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் சேகருக்கே எண்ணினார்கள். அவருக்குக் கிடைத்தது என் ஓட்டு ஒன்றுதான். நோட்டைச் சேகரிடம் கொடுத்தார், மைக்கைக் கோயிலில் வைத்துப் பூட்டினார், வீட்டுக்குப் போனார்.

அந்த வாரமே, நான் டவுனில் கடை வேலையில் இருந்தபோது, வானம் மொத்தமாக இருண்டது. பெரட்டும் இல்லை, மைக்கும் இல்லை. முதலாளியிடம் சொல்லாமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழி முழுக்க அம்மாவின் மெஷின் கத்துவது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

லயத்தில் அத்தனை பேரும் வாசலில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காற்றாடி சுற்றவில்லை, ஒரு குக்கர் கொதிக்கவில்லை. சேகர் சட்டையில்லாமல், ஒய்பியின் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தான்.

"என்னா சேகரு, கரண்டு போயிருச்சா?"

"போவல அண்ணே. நாங்கதான் எல்லாத்தையும் ஆப் பண்ணிட்டோம்."

"எந்நேரமும் போட்டுக்கலாம்னு சொன்னியே?"

"யாரும் கட்டாயப்படுத்தலண்ணே. சுதந்திரமாத்தான் ஆப் பண்ணோம்." கொஞ்சம் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான். "மண்டோரய்யா தொட்டி மேல ஏறுனாரு. பாத்துட்டு எப்படிண்ணே சும்மா இருக்கறது?"

உள்ளே அம்மாவின் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "அந்த மனுசன் காலையிலேருந்து மேல நிக்கிறாரு. ஒரு கோப்பி கலக்கிக் கொண்டு போய்யா" என்றார்.

கோப்பியோடு ஏறினேன். எல்லோரும் கைவிட்ட பிறகும் அந்த உயரத்தில் தனியாக நின்ற மனிதரைப் பார்த்ததும், என் சொந்தக்காரர்களில் ஒருவர்மீதும் எனக்கு இத்தனை பிரியம் இல்லை என்று தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா தம்பி இது, ஆளுங்க பாக்குறாங்க லா" என்றார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.